வரவேற்புப் பலகைக்குக் கேட்ட கேள்விகளை ஒப்பந்தத்துக்கும் கேளுங்கள்: நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எந்த ஊர் மன்றம் என்று பெயர் குறிப்பிடாமல்தான் எழுதுகிறேன். நான் சொல்லப்போவது ஒரே ஒரு மன்றத்தில் மட்டும் நடப்பதில்லை.

நகர எல்லையில் வைக்கப்போகும் வரவேற்புப் பலகையும், ஆலோசனை நிறுவனத்துக்கு வேலை கொடுக்கும் ஒப்பந்தமும் ஒரே கூட்டத்தில் பொருளாக வந்தால் என்ன நடக்கும் என்பது மன்றக் கூட்டங்களைத் தொடர்ந்து கவனிக்கிறவர்களுக்குத் தெரியும். பலகைக்கு வண்ணப் படம் இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும். எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார் ஒருவர். நிறம் எடுப்பாக இல்லை என்பார் இன்னொருவர். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று ஒரு சுற்றுப் பேச்சு போகும். ஆலோசனை ஒப்பந்தம் வந்ததும் அவை அடங்கிவிடும். அது தொழில்நுட்ப விஷயம், அதிகாரிகள் பார்த்திருப்பார்கள் என்ற எண்ணத்தில் கைகள் உயர்ந்துவிடும். பல மன்றங்களில் அந்தப் பொருள் தனியாக வாசிக்கப்படுவதுகூட இல்லை. வழக்கமான பொருள்கள் என்று பத்துப் பதினைந்தை ஒன்றாகக் கட்டி, ஒரே வாக்கில் நிறைவேற்றிவிடுகிறார்கள்.

சின்ன விஷயத்துக்கு மணிக்கணக்கில் பேசுகிறார்கள், பெரிய விஷயத்துக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை என்று உங்களைக் குறைசொல்லிப் பலர் எழுதியாயிற்று. நான் அந்தப் பக்கம் போகவில்லை. பலகையைப் பற்றி நீங்கள் பேசியது வீண் இல்லை. யார் படிப்பார்கள், என்ன எழுதியிருக்கிறது, யார் பெயர் வருகிறது, எத்தனை வருடம் தாங்கும், பழுதானால் யார் பார்ப்பது என்று நீங்கள் கேட்டவை எல்லாமே சரியான கேள்விகள். அதே கேள்விகளை, அதே உரிமையோடு, ஒப்பந்தத்தைப் பார்த்தும் கேளுங்கள். அதற்குத்தான் இந்த மடல்.

நான் ஒரு நகராட்சியின் பொறியியல் பிரிவில் வரைபட அறையில் பல வருடம் இருந்தவன். பிறகு ஆலோசனை நிறுவனம் ஒன்றிலும் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் கொடுக்கிற இடத்தையும் அதை வாங்குகிற இடத்தையும் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் பலகை. ஊரின் பெயர் தாங்கி நிற்கும் பலகை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே ஊர் தொடங்கும் இடத்தில் நிற்கும் மஞ்சள் பலகைக்குச் சட்ட வலு உண்டு. தனியாக வேகக் குறியீடு இல்லாவிட்டாலும், அந்தப் பலகையைத் தாண்டியதும் 50 கிலோமீட்டர் வேகவரம்பு தானாக அமலுக்கு வந்துவிடும். ஆஸ்திரியாவின் கேரிந்தியா மாநிலத்தில் இதே போன்ற ஊர்ப்பெயர்ப் பலகை அரை நூற்றாண்டு அரசியலையே ஆட்டிவைத்தது. ஸ்லோவீனிய மொழி பேசுவோர் வாழும் பகுதிகளில் பெயர்ப் பலகைகள் இரு மொழியிலும் இருக்கும் என்று 1955ஆம் ஆண்டு அரசு உடன்படிக்கை வாக்களித்தது. 1972இல் அப்படிப் பலகைகள் வைத்தபோது கும்பல்கள் வந்து பிடுங்கி எறிந்தன. பிறகு ஒரு வழக்கறிஞர் வேகவரம்பை மீறி ஓட்டி, அபராதம் விதிக்கப்பட்டதும், ஊர்ப்பெயர்ப் பலகை ஒரே மொழியில் இருப்பதால் அந்த வேகவரம்பே செல்லாது என்று வழக்காடினார். 2001இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இருமொழிப் பலகைகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் இழுபறி ஓயவில்லை. 2011இல்தான், ஸ்லோவீனியர் 17.5 விழுக்காடு இருக்கும் ஊர்கள் என்ற அளவை வைத்து, 164 ஊர்களுக்கு இருமொழிப் பலகை என்று உடன்பாடு ஆனது.

ஊரின் பெயரை எந்த மொழியில், எந்த வரிசையில் எழுதுவது என்பது அங்கே வாழ்கிறவர்களில் யாரை ஊர்க்காரராக ஏற்றுக்கொள்கிறோம் என்ற முடிவு. அதைப் பேசுவதற்கு மன்றத்தை விடத் தகுந்த இடம் வேறு இல்லை. தாராளமாகப் பேசுங்கள்.

பேசும்போது சில விஷயங்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் சாலைக் குறியீட்டுக் கையேடு, எழுத்தின் உயரம் 1 அங்குலம் என்றால் 30 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. 2009 பதிப்புக்கு முன்னால் அது 40 அடியாக இருந்தது. இந்த அளவின்படி 6 அங்குல எழுத்தை 180 அடியிலிருந்து, அதாவது சுமார் 55 மீட்டரிலிருந்து படிக்க முடியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடிவிடும். ஆக, ஓட்டுநருக்குக் கிடைப்பது 3 நொடியும் கொஞ்சமும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் இரண்டரை நொடி. அந்த நேரத்திலும் அவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும், பலகையை அல்ல. அந்த அளவும் ரோமன் எழுத்துக்கு வைத்தது. சுழியும் கொம்பும் மேலே புள்ளியும் உள்ள எழுத்துக்கு அதைவிடப் பெரிதாகவே வேண்டியிருக்கும். ஊரின் பெயர், ‘நல்வரவு’ என்ற ஒரு சொல், இவ்வளவுதான் அந்த இரண்டு மூன்று நொடிக்குள் அடங்கும்.

நான் பழுதுபார்க்கும் பட்டியலில் பார்த்த ஒரு பலகையில் என்னவெல்லாம் இருந்தது என்று சொல்கிறேன். ஊர்ப்பெயர். அதன் கீழே நகரத்தின் முழக்க வரி. அதன் கீழே மக்கள்தொகை. பிறகு தலைவர் பெயர், துணைத் தலைவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர், திறந்து வைத்த நாள். இரண்டு பக்கமும் சேவைச் சங்கங்களின் வட்டச் சின்னங்கள். அடியில் பலகைக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர். தேர்தல் முடிந்து ஆள் மாறும்போதெல்லாம் பழைய பெயரின் மேல் புதிய ஸ்டிக்கரை ஒட்டினார்கள். ஊர்ப்பெயரை ஒரு தடவையும் மாற்றவில்லை. பலகையில் ஒளி திருப்பும் படலம் என்று ஒன்று ஒட்டுவார்கள், வண்டியின் முகப்பு விளக்கு பட்டால் எழுத்து பளிச்சென்று தெரிவதற்காக. அது வெயிலில் வெளிறி, உரிந்து போகும். ஆகவே இரவில் அந்தப் பலகையை நோக்கி வருபவருக்குப் புதிதாக ஒட்டிய பதவிப் பெயர்கள் தெரியும், எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்பது தெரியாது. கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. வைக்கிற அன்றைக்குப் பணம் இருந்தது, வைத்த பிறகு பராமரிக்க வரவுசெலவுக் கணக்கில் தலைப்பே இல்லை. அவ்வளவுதான்.

பதவியில் இருப்பவர்களின் பெயர் பலகையில் வேண்டாம் என்று இங்கே நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன். மக்கள்தொகையும் வேண்டாம். அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் அதை எழுதும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் அது தவறான எண்ணாகி நிற்கும்.

இன்னொன்று, கல் மேடை கட்டி, கான்கிரீட் தூண் நிறுத்தி, அதில் எழுத்து பதிக்கும் ஆசை. பார்க்க அழகாக இருக்கும், காலத்துக்கும் நிற்கும். ஆனால் சாலையை விட்டு விலகி ஓடும் வண்டிக்கு அது மோதிச் சாகும் இடம். வேகமான சாலையின் ஓரத்தில், கட்டுப்பாடு இழந்த வண்டி நின்று திரும்புவதற்கு இடம் விடவேண்டும், அந்த இடத்துக்குள் வரும் பலகைக் கால்கள் மோதினால் முறிந்து விலகும்படி இருக்க வேண்டும் என்பது சாலைப் பாதுகாப்பின் பாலபாடம். உங்கள் முன்னால் வைக்கப்படும் வண்ணப் படத்தில் சாலையின் ஓரத்துக்கும் மேடைக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். குறித்திருக்காவிட்டால், கேட்டு வாங்கிய பிறகு வாக்களியுங்கள்.

உலகத்தில் அதிகம் படம் எடுக்கப்பட்ட வரவேற்புப் பலகைகளில் ஒன்று லாஸ் வேகாஸில் நிற்கிறது. 1959இல் பெட்டி வில்லிஸ் என்ற பெண் வடிவமைத்தது. 25 அடி உயரம். நகரத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது நிற்கும் இடம் நகர எல்லைக்கு வெளியே, கிளார்க் மாவட்டத்தின் நிலத்தில். 2009இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும் அது ஏறியது. அதற்கு அவர் பதிப்புரிமை பெறவில்லை. தன் ஊருக்குத் தரும் அன்பளிப்பு என்றே நினைத்தார். ஆகையால் அந்த உருவத்தை எவர் வேண்டுமானாலும் சட்டையிலும் சாவிக்கொத்திலும் போடலாம், போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது ஊரின் சொத்தாகப் பரவியதற்கு இந்த உரிமை விஷயம் ஒரு பெரிய காரணம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பந்தம் பற்றிச் சொல்லும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

அதே பலகைக்கு முன்னால் நின்று படம் எடுக்க, ஓடும் வண்டிகளுக்கு நடுவே மக்கள் சாலையைக் கடந்தார்கள். கடைசியில் 2008இல் சாலையின் நடுத்திட்டில் வண்டி நிறுத்த இடம் கட்ட வேண்டியதாயிற்று. பலகையின் விலை பலகையோடு முடிவதில்லை. ஹாலிவுட் மலைச்சரிவில் நிற்கும் எழுத்துகளும் அப்படித்தான். 1923இல் மனை விற்க ஒரு நிறுவனம் வைத்த விளம்பரம் அது, ஒன்றரை வருடம் நின்றால் போதும் என்று வைத்தது. ஊர் அதைக் கைவிட மறுத்துவிட்டது. 1949இல் பழுதுபார்த்தார்கள், மறுபடி சிதைந்தது, 1978இல் நன்கொடை திரட்டி முழுக்கப் புதிதாகக் கட்டினார்கள்.

பலகையும் ஒப்பந்தமும் ஒன்றாகக் கலக்கிற இடம் ஒன்று உண்டு. பலகையில் என்ன எழுதுவது என்று தீர்மானிக்கவே ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவது. நகர அடையாளம், முத்திரை, முழக்க வரி என்று பெரிய பெயர்களில் வரும். எழுத்துருவும் வண்ணமும் அமைப்பும் கற்றுத் தேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, அதற்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆனால் ஊர் எதற்குப் பேர்போனது, எதைச் சொல்லிப் பெருமைப்பட விரும்புகிறது என்பதை வெளியாள் வந்து சொல்ல வேண்டியதில்லை. அதை நீங்கள் எழுதிக் கொடுங்கள். எப்படி வரைவது என்பதை மட்டும் அவர்களிடம் விடுங்கள்.

இனி ஒப்பந்தம். தொழில்முறைச் சேவை என்று சொல்லப்படுவதில் பொறியாளர், கட்டடக் கலைஞர், வழக்கறிஞர், தணிக்கையாளர், நில அளவையர், நகரத் திட்ட வல்லுநர் எல்லோரும் வருவார்கள். சிமெண்டு மூட்டை வாங்குவது போல இதற்குக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்று முடித்துவிட முடியாது. அதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வடிவமைப்பில் மிச்சம் பிடித்த பணத்தைக் கட்டும்போதும், கட்டிய பின் பராமரிக்கும்போதும் பல மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அமெரிக்காவில் 1972இல் வந்த புரூக்ஸ் சட்டம் இதை அடிப்படையாகக் கொண்டது. கூட்டாட்சி அரசு கட்டடக் கலைஞரையும் பொறியாளரையும் முதலில் தகுதி பார்த்து வரிசைப்படுத்த வேண்டும், முதலிடம் வந்தவரோடு கட்டணம் பேச வேண்டும், படியவில்லை என்றால் அவரை விட்டு இரண்டாமவரிடம் போக வேண்டும். விலையைப் பேசுவது தகுதி பார்த்த பிறகே.

ஆனால் தகுதிக்கு முதலிடம் என்பது விலையையே பேசக்கூடாது என்று ஆகிவிட முடியாது. அமெரிக்காவில் பொறியாளர்களின் தேசியச் சங்கம் ஒன்று, வேலைக்கு ஆள் தேர்வாகும் முன் கட்டணத்தைப் பற்றி உறுப்பினர்கள் வாய் திறக்கக்கூடாது என்று தன் நெறிமுறையில் எழுதிவைத்திருந்தது. போட்டி வந்தால் தரம் குறையும், மக்கள் உயிருக்கு ஆபத்து என்று வாதிட்டது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. ஆலோசனைச் சேவையில் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பெண் போடலாம், ஆனால் தரத்துக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் எடை கொடுக்கக்கூடாது. ஒரே நிறுவனத்தை நேராக நியமிப்பது என்றால் அதற்கான முழு நியாயத்தையும் கோப்பில் பதிவு செய்து, அதிகாரம் பெற்றவரின் ஒப்புதலை வாங்க வேண்டும். அவை மத்திய அரசுத் துறைகளுக்கு எழுதப்பட்ட விதிகள். இருந்தாலும் எந்த ஊர் மன்றமும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

இந்த முறைகள் எல்லாமே ஒன்றை முன்கூட்டியே நம்பியிருக்கின்றன. வேலை என்ன என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அது. நடைமுறையில் பெரிய ஓட்டை அங்கேதான் விழுகிறது.

மன்றத்துக்கு வரும் தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள். இன்ன நிறுவனத்தை இன்ன தொகைக்கு மிகாமல் அமர்த்த அனுமதி என்று இருக்கும். வேலையின் விவரம் என்ற இடத்தில், ‘திட்டத்துக்கான ஆய்வு, வடிவமைப்பு மற்றும் தேவைப்படும் இதர பணிகள்’ என்று ஒரு வரி. விரிவான பணிவரம்பு இணைப்பில் உள்ளது என்று போட்டிருக்கும். இணைப்பைத் தேடினால் அந்த நிறுவனம் தன் முகவரித் தாளில் அனுப்பிய முன்மொழிவு அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். அதாவது, வேலை செய்யப்போகிறவரே தான் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதியிருக்கிறார். நான் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தபோது இந்த மாதிரி முன்மொழிவுகளைத் தயாரிக்கும் மேசையில் இருந்திருக்கிறேன். பொய் எழுதுவதில்லை. எங்களுக்குச் செய்ய வரும் வேலையை எழுதுவோம், அவ்வளவே. எந்தத் தெருவில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும், உங்கள் வார்டுக்காரர் உங்களிடம்தான் வந்து சொல்லியிருப்பார். அந்தத் தெருவின் பெயர் பணிவரம்பில் இல்லை என்றால், அறிக்கையிலும் வராது. அதற்காக நிறுவனத்தைப் பிறகு குற்றம் சொல்லவும் முடியாது.

பலகையில் எழுத்து சின்னது என்று சொல்ல நீங்கள் எழுத்துருக் கலைஞராக இருக்க வேண்டியிருக்கவில்லை. அதுபோல, இந்த ஆய்வு முடிந்ததும் எந்தக் கேள்விக்கு எங்களுக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும் என்று கேட்கப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பத்தியில் அதை நகராட்சியே தன் மொழியில் எழுதட்டும். எழுத வரவில்லை என்றால் அந்த ஆய்வுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

‘மிகாமல்’ என்ற சொல்லும் பல உறுப்பினர்களுக்கு நிம்மதி தருகிறது. உண்மையில் அது முதல் தவணைக்கு மட்டும் போட்ட வேலியாகிவிடுகிறது. வேலை நடுவில் இருக்கும்போது கூடுதல் பணி என்று ஒரு திருத்தம் வரும். பிறகு கால நீட்டிப்பு என்று இன்னொன்று. நிறுவனம் ஏற்கெனவே உள்ளே இருப்பதாலும், வேறு ஒருவரைக் கொண்டுவந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதாலும், ஒவ்வொரு திருத்தமும் அந்த நேரத்தில் நியாயமாகவே தோன்றும். ஆனால் திருத்தம் மன்றத்துக்கு வரும்போது கூடுதல் தொகையை மட்டும் காட்டுகிறார்கள். முதலில் எவ்வளவு, இதுவரை எத்தனை தடவை கூட்டினோம், இப்போது மொத்தம் எவ்வளவு என்று மூன்று எண்களும் ஒரே வரியில் வர வேண்டும் என்று உத்தரவிடுங்கள். செலவில்லாத சீர்திருத்தம் இது. இதைவிட அதிகம் பயன் தருவது வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வேலையைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் மன்ற ஒப்புதல் தேவைப்படாத வரம்புக்குக் கீழே வைப்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு வருடத்தில் ஒரே நிறுவனத்துக்குப் போன மொத்தத் தொகை என்ன என்ற பட்டியலைக் கேட்டால் அது தானாக வெளிப்படும்.

தகுதி மதிப்பெண் போட்ட தாளையும் பாருங்கள். மூத்த வல்லுநரின் பெயரும் அனுபவமும் காட்டி மதிப்பெண் வாங்கிய நிறுவனம், வேலைக்கு அவரை அனுப்பாமல் நேற்றுச் சேர்ந்தவரை அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம். முன்மொழிவில் பெயர் சொல்லப்பட்டவர்கள் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் மாறக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். அதே நிறுவனம் வடிவமைத்து, அதே நிறுவனம் டெண்டர் ஆவணம் எழுதி, கட்டும் வேலையையும் அதுவே மேற்பார்வை பார்த்தால், வடிவமைப்பில் இருக்கும் குறை எந்தக் கட்டத்தில் யார் கண்ணில் படும்? வழக்கறிஞர், தணிக்கையாளர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. தணிக்கையாளர் யாருடைய கணக்கைப் பார்க்கிறாரோ அந்த அதிகாரியே அவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குப் பணம் கொடுத்து, அறிக்கையையும் வாங்கிக்கொண்டால், மன்றம் எதற்கு? தணிக்கையாளரை மன்றம் தேர்வு செய்யட்டும். அறிக்கையும் நேராக மன்றத்துக்கு வரட்டும்.

இப்போது உரிமை விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை நாட்களில் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

வரைபட அறையில் ஒரு பெரிய இரும்பு அலமாரி இருந்தது. அதில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் கொடுத்த அறிக்கைகள், தடித்த அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்தில் நகரத்தின் பெயரோடு. மழைநீர் வடிகாலுக்கு ஒரு திட்டம் வந்தது. அந்தப் பகுதிக்கு முன்பே தரைமட்ட அளவை எடுத்து வடிகால் வரைந்திருக்கிறார்கள் என்று தெரிந்து, அலமாரியிலிருந்து அறிக்கையை எடுத்தோம். வரைபடங்கள் எல்லாம் கைக்கு அடக்கமாகச் சுருக்கி அச்சிட்டவை. மட்ட அளவுகளைக் கண்ணாடி வைத்தும் படிக்க முடியவில்லை. குறுந்தகட்டில் பிடிஎஃப் இருந்தது, அதுவும் அதே படத்தை ஸ்கேன் செய்தது. கணினியில் வரைந்த மூலக் கோப்பை, அதாவது ஆட்டோகேட் கோப்பை, கேட்டு எழுதினோம். அது தங்கள் உடைமை என்றும், ஒப்பந்தத்தில் அறிக்கை மட்டுமே தருவதாக ஒப்புக்கொண்டதாகவும் பதில் வந்தது. ஒப்பந்தத்தைப் புரட்டினோம். அவர்கள் சொன்னது சரி. ஒரே தெருக்களில் மறுபடி அளவை எடுக்க மன்றம் மறுபடி பணம் ஒதுக்கியது. அந்தத் தீர்மானத்தின் மேல் யாரும் பேசவில்லை.

சட்டமும் இதில் நகரத்தின் பக்கம் தானாக நிற்பதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், ஊழியராக இல்லாமல் ஒப்பந்தத்தின் பேரில் வரைகிறவரின் வரைபடத்துக்குப் பதிப்புரிமை, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை, வரைந்தவரிடமே இருக்கும். பணம் கொடுத்ததால் மட்டும் அது நகரத்துக்கு வந்துவிடாது. வரவேற்புப் பலகைக்கு வரைந்த சின்னத்துக்கும் இதேதான். லாஸ் வேகாஸ் பலகையை ஊரே எடுத்துக் கொண்டாட முடிந்தது, வரைந்தவர் மனமுவந்து விட்டுக்கொடுத்ததால். உங்கள் நகரச் சின்னத்தைப் பள்ளிக் குழந்தைகளின் விழா அழைப்பிதழில் போட ஒரு நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது. மூலக் கோப்புகள், அளவைத் தரவுகள், கணக்கீட்டுத் தாள்கள், பயன்படுத்திய எழுத்துருவின் உரிமம் வரை, இவை எல்லாம் நகரத்துக்கு உரியவை, கடைசித் தவணைப் பணம் இவற்றை ஒப்படைத்த பிறகே தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடைசித் தவணையை நிறுத்திவைத்தால்தான் கோப்பு வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.

கோப்பு வந்தால் மட்டும் போதாது, அதைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள நகராட்சிக்குள் ஒருவர் இருக்க வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று பொறியியல் பிரிவில் ஓய்வுபெற்றவர்களின் இடத்தை நிரப்பாமல் விடுகிறார்கள். ஆள் இல்லை என்பதால் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துகிறார்கள். பிறகு அந்த நிறுவனத்தின் வேலையைச் சரிபார்க்க ஆள் இல்லை என்று இன்னொரு நிறுவனத்தை அமர்த்துகிறார்கள். அரிதாகத் தேவைப்படும் நிபுணத்துவத்துக்கு வெளியே போவதில் தவறே இல்லை. ஒரு பாலத்தின் வடிவமைப்புக்காக ஒரு பால வல்லுநரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள எந்தச் சிறிய நகரத்தாலும் முடியாது. ஆனால் வருடம் தவறாமல், மாதம் தவறாமல் தேவைப்படும் வேலையையும் வெளியே கொடுத்தால், ஊரைப் பற்றிய அறிவு ஊருக்கு வெளியே போய்ச் சேர்ந்துவிடும். எந்தக் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்பதை அடுத்த டெண்டரில் தோற்றுப்போகும் நிறுவனம் மட்டுமே அறிந்திருக்கிற நிலையில் ஒரு நகரத்தை வைப்பது சரியில்லை.

உறுப்பினர்களில் முதல் முறை தேர்வானவர்கள் சிலர் இதைப் படிக்கலாம். கேட்டால் அதிகாரிகளைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று தயங்கவேண்டாம். நல்ல அதிகாரி இந்தக் கேள்விகளை விரும்புவார். நான் பணியில் இருந்த காலத்தில், மன்றம் ஒரு தடவை உரக்கக் கேட்டிருந்தால், நாங்கள் கோப்பில் பல தடவை எழுதியும் நடக்காத காரியங்கள் நடந்திருக்கும். மன்றம் கேட்கிறது என்ற ஒரு வரி, கீழே இருக்கும் ஊழியருக்குப் பெரிய பலம்.

வரவேற்புப் பலகையையும் ஆலோசனை ஒப்பந்தத்தையும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்போது, ஒப்பந்தத்தை மொத்தமாக நிறைவேற்றும் கட்டிலிருந்து உருவித் தனிப் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். இப்படிக் கட்டாக நிறைவேற்றும் பல மன்றங்களின் நடைமுறை விதியில், ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலே அதைத் தனியாக எடுத்தாக வேண்டும். பணிவரம்பை நகராட்சி அலுவலரே எழுதியிருக்க வேண்டும், கூட்டத்துக்குச் சில நாள் முன்பே அது உங்கள் கைக்கும் பொதுமக்கள் பார்வைக்கும் வந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் மேசையில் வைக்கப்படும் ஒப்பந்தத்துக்கு அன்றைக்கே வாக்களிப்பதில்லை என்று ஒரு பொதுத் தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். பலகைக்கு, பதவிப் பெயர்கள் இல்லாத வரைவும், பத்து வருடப் பராமரிப்புக்கான தொகையும் சேர்ந்து வரட்டும். இவை வந்த பிறகு, பலகைக்கு எவ்வளவு நேரம் பேசினீர்களோ அவ்வளவு நேரம் ஒப்பந்தத்துக்கும் பேசுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பார்வையாளர் வரிசையில் உட்கார நானும் வருகிறேன், என்னைப் போல இந்த வேலை தெரிந்த பலரையும் அழைத்து வருகிறேன். பணிவரம்பை வாசித்துப் பார்க்க உதவி வேண்டும் என்று எந்த உறுப்பினர் கேட்டாலும், கட்சி பார்க்காமல், கட்டணம் வாங்காமல் செய்து தர நாங்கள் தயார்.

மிகுந்த மரியாதையுடன்,
நகராட்சி வரைபட அறையில் பணியாற்றிய ஒரு குடிமகன்